வெளியே வைக்கும் விறகு பாய்லரால் வீட்டைச் சூடாக்குவது நல்ல யோசனையா?

கேட்டவர் நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், ஆறு ஏக்கர் நிலத்தோடு ஒரு பழைய பண்ணைவீடு வாங்கியிருக்கிறார். வீட்டைச் சூடாக்க எரிக்கிற புரொபேன் வாயுவின் செலவு கட்டுப்படியாகவில்லை, வரும் அக்டோபருக்குள் பாய்லர் வைத்துவிடலாமா என்கிறார். நானும் அந்தப் பக்கம்தான். ஒன்பது குளிர்காலமாக எங்கள் வீடு விறகில்தான் சூடாகிறது. தாராளமாக வையுங்கள், ஆனால் இந்த வருஷம் வேண்டாம்.

பார்க்காதவர்களுக்காக: வீட்டிலிருந்து தள்ளி ஒரு சின்னத் தகரக் கொட்டகை மாதிரி நிற்கும். உள்ளே நெருப்புப் பெட்டி, அதைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீர். ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடான அந்தத் தண்ணீரை ஒரு பம்ப் மண்ணுக்கடியில் உள்ள குழாய் வழியே வீட்டுக்குள் தள்ளும். அங்கே ஒரு சுருளில் ஓடி, காற்றைச் சூடாக்கிவிட்டுத் திரும்பும். குளிக்கிற தண்ணீரும் அதிலேயே காயும். நெருப்பும் சாம்பலும் வீட்டுக்கு வெளியிலேயே இருந்துவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

வீட்டின் முந்தைய உரிமையாளர் விட்டுப்போன பழைய மாதிரி பாய்லரில்தான் நான் தொடங்கினேன். அதில் தண்ணீர் போதுமான சூட்டை எட்டியதும் காற்று வழி தானாக மூடிக்கொள்ளும். நெருப்பு அணையாது, மூச்சுமுட்டிப் புகைந்துகொண்டே கிடக்கும். போதாததற்கு நான் போட்டது ஆகஸ்டில் வெட்டிய பச்சை ஓக் மரம். காலையில் கதவைத் திறந்தால் சுவரெல்லாம் கறுப்புத் தார் வழிந்திருக்கும். கட்டையின் வெட்டுமுகத்தில் நுரை கொப்பளித்து உஸ்ஸென்று சத்தம் வரும். ஊரில் அம்மா மழைக்காலத்து ஈரவிறகை ஊதாங்குழலால் ஊதி ஊதிக் கண் சிவந்து உட்கார்ந்திருப்பது ஞாபகம் வரும். பத்து கிலோ பச்சை ஓக்கில் நாலு லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. அத்தனையையும் ஆவியாக்கிய பிறகுதான் மிச்சச் சூடு உங்கள் வீட்டுக்கு.

காற்றே இல்லாத கடுங்குளிர்க் காலைகளில் அந்தப் புகை மேலே போகாது, பனிமேல் படுத்துக்கொள்ளும். ஜனவரியில் பக்கத்து வீட்டுப் பாட்டி நடந்து வந்தார். சண்டைக்கு வரவில்லை. "ராத்திரியெல்லாம் இருமல், ஜன்னல் இடுக்கு வழியா வந்துடுது" என்றார். அவருக்கு ஆஸ்துமா. அன்றைக்கே நெருப்பை அணைத்துவிட்டேன். அந்தக் குளிர்காலத்தில் மிச்ச நாளெல்லாம் புரொபேன்தான். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

இப்போது வைத்திருப்பது புகையையே இரண்டாவது அறையில் மறுபடி எரிக்கிற வகை. 2020 மே மாதத்திலிருந்து மத்திய அரசின் இரண்டாம் கட்டப் புகை வரம்புக்கு உட்பட்ட பாய்லர்களைத்தான் புதிதாக வீடுகளுக்கு விற்கலாம். நியூயார்க் விதிப்படி நில எல்லையிலிருந்து 100 அடி தள்ளி வைக்க வேண்டும், புகைபோக்கி தரையிலிருந்து 18 அடிக்குக் குறையக் கூடாது. பக்கத்து மாநிலத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று பழையதை வாங்கி வந்துவிடாதீர்கள். புதிய வகைக்கு ஒரே நிபந்தனை, விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் இரண்டாவது அறை சரியாகப் பற்றாது.

பணத்தை மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் புதைகுழாய். எனக்குப் பள்ளம் தோண்டியவர் சும்மா ஃபோம் சுற்றிய மலிவுக் குழாயைப் புதைத்துவிட்டுப் போனார். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. ஊரெல்லாம் இரண்டடிப் பனி, எங்கள் முற்றத்தில் மட்டும் பாய்லரிலிருந்து வீடு வரைக்கும் கோடு போட்டாற்போல் பச்சைப் புல். நான் பிளந்த விறகு அந்தப் புல்லைத்தான் காய வைத்துக்கொண்டிருந்தது. முழுக்க ஃபோம் அடைத்து, தண்ணீர் புகாத உறையோடு வருகிற குழாயை வாங்குங்கள். அடிக்கு எவ்வளவு கூடினாலும் பரவாயில்லை. மின்சாரம் போனால் பம்ப் நின்றுவிடும், இந்தக் குளிரில் குழாய் உறைந்துபோகும். ஆகவே சின்ன ஜெனரேட்டர் ஒன்றும் வேண்டும். தண்ணீரில் துருத்தடுப்பு மருந்து கலந்து வருஷத்துக்கு ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த வருஷம் வேண்டாம் என்றால், உங்களிடம் காய்ந்த விறகு இல்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு குளிர்காலத்துக்கு ஏழு கார்டு ஆகிறது. ஒரு கார்டு என்பது நாலடி அகலம், நாலடி உயரம், எட்டடி நீளத்துக்கு அடுக்கிய விறகு. 'ஃபேஸ் கார்டு' என்று விற்பது பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான், விலை கேட்கும்போதே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சூட்டில் பதப்படுத்தாத விறகை 50 மைலுக்கு அப்பாலிருந்து கொண்டுவரவும் கூடாது. ஆஷ் மரத்தைத் துளைத்துக் கொல்கிற மரகத ஆஷ் வண்டு அப்படித்தான் ஊர் ஊராகப் பரவியது. அந்த வண்டால் செத்து நிற்கிற ஆஷ் உங்கள் நிலத்திலேயே இருக்கக்கூடும். ஆஷில் இயல்பாகவே ஈரம் குறைவு, ஒரு வருஷத்தில் காய்ந்துவிடும். ஓக்குக்கு இரண்டு வருஷம் வேண்டும். ஆனால் செத்த ஆஷ் திடீரென முறிந்து விழும். பழகியவரை வைத்து வெட்டுங்கள்.

இப்போதே பிளந்து, பலகைமேல் தரை படாமல், காற்றுவாக்கில் அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம் போடுங்கள், பக்கங்களைத் தார்ப்பாயால் மூட வேண்டாம். அடுத்த செப்டம்பரில் ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தில் ஈரமானியின் முள்ளைக் குத்திப் பாருங்கள். 20க்குக் கீழே காட்டினால் பாய்லருக்குச் சொல்லிவிடலாம்.