எண் மறந்தால் அறிவுக் குறைவா?

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், சொன்ன கைபேசி எண்ணை அடுத்த நிமிடமே மறந்துவிடுகிறாள். புத்தி மந்தமோ என்று பயமாக இருக்கிறது. – ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அந்தச் சொல்லை அவள் காதில் விழச் சொல்லிவிடாதீர்கள், அம்மா. கேட்டதை அப்போதைக்குப் பிடித்துவைக்கும் நினைவில் எல்லோருக்கும் இடம் குறைவு. ஏறத்தாழ ஏழு துண்டுகள் (மனம் ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கும் தகவல் ஒரு துண்டு) என்று 1956-இல் எழுதினார் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர். நான்குதான் என்றார் நெல்சன் கோவன், 2001-இல். கைபேசி எண்ணோ பத்து இலக்கம்!

துண்டு எவ்வளவு பெரியது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். பதினைந்து சாமான்களைக் கேட்டாலும் எழுதாமல் கட்டித் தருவார். சொதிக்கு இவை, சாம்பாருக்கு இவை, பலகாரத்துக்கு இவை என்று மனதுக்குள் பிரித்துக்கொள்வார். பதினைந்தும் அவருக்கு மூன்றே பொட்டலம். நம் பின்கோடில் வரும் 627-ஐப் பாருங்கள். நெல்லைக்காரர்களுக்கு அது மூன்று இலக்கமல்ல, ஒன்று.

எண்ணை மூன்று, மூன்று, நான்காகப் பிரித்துச் சொல்லுங்கள். அவளைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் தொலைக்காட்சி ஓடக் கூடாது.