முதலாண்டு மாணவர்களின் தகவல் எழுத்தறிவை எப்படிச் சோதிப்பது?

வேண்டிய தகவலைத் தேடி, நம்பலாமா என்று பார்த்து, எடுத்த இடத்தைச் சொல்லிப் பயன்படுத்தத் தெரிவதே தகவல் எழுத்தறிவு.

"தேடத் தெரியுமா?" என்று கேட்டால் கோவை, ஈரோட்டுக் கல்லூரிகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லாரும் தலையாட்டுவார்கள். தெரியாதவருக்குத் தன் குறையும் தெரியாது; அதனால் கேட்காதீர்கள், செய்யச் சொல்லிப் பாருங்கள். ஈரோட்டு மஞ்சள் வியாபாரி விரலியை ஒடித்து உள்நிறம் பார்க்கிற மாதிரிதான்.

"நொய்யல் ஆற்றுச் சாயக்கழிவு பற்றி இரண்டு ஆதாரம் கொண்டு வா" என்று சொல்லுங்கள். என்ன சொல் போட்டுத் தேடினார்? அந்தக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை வரை போனாரா? 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை எடுத்தாரா, வாட்ஸ்அப்பில் வந்ததையா? மதிப்பெண் அங்கேதான். கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்கிற கொள்குறி வினா, மாணவர் கூட்டம் அதிகமென்றால் மட்டும்.

கணினி ஓட்டத் தெரிவதும் தகவல் எழுத்தறிவும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள்; கூகுளில் முதலில் வந்ததை அப்படியே ஒட்டுகிறவரும் கணினியில் கெட்டிக்காரராக இருக்கலாம்.