சென்னைப் பசங்களுக்கு அரசியல் ஆர்வம் இல்லையா? கேள்வி பதில்

இளைஞர்களின் அரசியல், பொதுப் பங்கேற்பு பற்றிய கள ஆய்வுகளில் வேலை செய்கிறேன். கேட்டிருந்தவர்களுக்கு என் பதில்கள்.

ஐ.டி. ஊழியர், அண்ணா நகர்: 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் வாக்குப்பதிவு 81 சதவீதம், தென் சென்னையில் 54 தான். நம் இளைஞர்களுக்கு அக்கறை இல்லை என்றுதானே அர்த்தம்?

அப்படி முடிவு கட்ட முடியாது சார். அந்த 54-ல் இருபது வயதுக்காரர் எத்தனை, அறுபது வயதுக்காரர் எத்தனை என்று பிரித்துப் பார்க்கவே வழியில்லை. இன்னொன்று, வீடு மாறிப் போனவர்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் அப்படியே கிடந்தால் சதவீதம் தானாகக் குறையும். வாடகை வீட்டுக்காரர்கள் நிறைந்த சென்னையில் இது சின்ன விஷயம் இல்லை.

எம்.ஏ. மாணவி, ராயப்பேட்டை: அக்கா, ப்ராஜெக்டுக்காக எங்கள் காலேஜில் சர்வே எடுக்கிறேன். "ஓட்டுப் போட்டீர்களா?" என்றால் எல்லோரும் ஆமாம் என்கிறார்கள். நம்பலாமா?

முழுசாக நம்பாதேம்மா. போடாதவர்களும் கூச்சத்தில் "போட்டேன்" என்பார்கள். அமெரிக்காவில் வாக்குப்பதிவு ஆவணங்களோடு ஒப்பிட்டே இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். "வேலை, பரீட்சை, ஓட்டு ஊரில் இருக்கிறது என்று சிலரால் போட முடிவதில்லை. உங்களுக்கு எப்படி?" என்று கேட்டுப் பார், கூச்சம் குறையும்.

அப்புறம், ஓட்டோடு நிறுத்தாதே. தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குப் போன் போட்டது, கவுன்சிலரைப் போய்ப் பார்த்தது, ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு கொடுத்தது எல்லாம் பங்கேற்புதான். "அரசியலா, ஆளை விடுங்க" என்று பேச்சைத் தொடங்கிய பள்ளிக்கரணைப் பையன் ஒருவன், 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி முழுக்கப் பட்டியல் போட்டதைச் சொன்னான். என் கையில் இருந்த சர்வே கேள்வித்தாளில் அதைக் குறிக்க ஒரு கட்டம்கூட இல்லை. ஆர்வமில்லாத தலைமுறை என்ற பேச்சு பாதி இப்படித்தான் உருவாகிறது என்பது என் உறுதியான கருத்து.

உன் காலேஜ் மட்டுமே சென்னை இல்லை என்பதையும் மறக்காதே. காசிமேட்டில் வலை பின்னுகிறவனும், பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறவனும் உன் வயதுதான்.

ஒரு அம்மா, தாம்பரம்: மகளுக்கு இப்போதுதான் 17 முடிந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க 18 ஆகும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம்மா. பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ இப்போதே கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1 என்று நான்கு தகுதித் தேதிகள் உண்டு. 18 நிறைந்ததும் அடுத்து வரும் தேதிக்குப் பெயர் ஏறும். ஒரு தேர்தலில் ஓட்டுப் போட்டவர் அடுத்ததிலும் போட வாய்ப்பு அதிகம் என்கின்றன ஆய்வுகள். முதல் தேர்தலைத் தவற விடாதீர்கள்.

வேலை தேடும் இளைஞர், வியாசர்பாடி: பசங்களை அரசியலுக்குள் கொண்டுவர விழிப்புணர்வு ஊர்வலம் போதுமா அக்கா?

போதாது தம்பி. மக்கள் ஏன் ஒதுங்குகிறார்கள் என்பதற்கு அமெரிக்க ஆய்வாளர் சிட்னி வெர்பாவும் அவர் குழுவினரும் 1995-ல் மூன்று காரணம் சொன்னார்கள்: முடியவில்லை, விருப்பமில்லை, யாரும் கூப்பிடவில்லை. மூன்றாவதைச் சரிசெய்யக் காசே வேண்டாம், ஆனால் அதைத்தான் யாரும் செய்வதில்லை. மாநகராட்சியில் 200 வார்டுகள். 21 வயதில் கவுன்சிலர் தேர்தலில் நிற்கலாம். 2022-ல் பிரியா மேயரானபோது அவருக்கு வயது 28. உங்கள் பகுதியின் ஏரியா சபை, அதாவது பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் கூட்டம், எப்போது கூடும் என்று கவுன்சிலர் ஆபீசில் கேளுங்கள். தெருவில் இரண்டு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போங்கள். ஒரே ஒரு பிரச்சினையை, போட்டோவோடு, எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வாருங்கள்.