ஈகோலியின் ஒற்றை வளையம்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: அக்கா, ஈகோலி என்ற குடல் பாக்டீரியாவின் வளைய வடிவ டிஎன்ஏவை நீட்டினால் 1.6 மில்லிமீட்டர் வருமாம், செல்லோ 2 மைக்ரோமீட்டர்தான். எப்படி உள்ளே அடைகிறது?

பதில்: நீளத்தைப் பார்த்து மலைக்காதீர்கள். இரண்டு இழை பின்னிய டிஎன்ஏவின் தடிமன் வெறும் 2 நானோமீட்டர், கணக்குப் போட்டால் செல்லின் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்குகூட அது பிடிக்காது. இடம் தாராளமாக இருக்கிறது, சிக்கு விழாமல் வைப்பதுதான் பாடு. சின்ன வயதில் ஊஞ்சலில் உட்கார்ந்து கயிற்றை முறுக்கிக்கொண்டே போயிருப்பீர்கள், ஒரு கட்டத்துக்கு மேல் கயிறு தன்மேல் தானே சுற்றிக்கொண்டு குட்டையாகிவிடும் இல்லையா, அதேதான் இங்கேயும். ஒரே வித்தியாசம், பாக்டீரியா இழையை இறுக்கும் பக்கமாக அல்லாமல் தளர்த்தும் பக்கமாகத் திருகி வைத்திருக்கிறது. அதனால் சுருங்கவும் செய்கிறது, நகலெடுக்கும்போது இரண்டு இழையும் சுலபமாகப் பிரியவும் செய்கிறது. இந்தத் திருகல் வேலை கைரேஸ் என்ற நொதியுடையது, மார்ட்டின் கெல்லர்ட் குழுவினர் 1976இல் கண்டுபிடித்தது. அப்புறம் எச்யூ, ஃபிஸ் போன்ற புரதங்கள் ஆங்காங்கே வளைத்துக் கொடுக்கும்.

கேள்வி: டிஎன்ஏவை நகலெடுக்க 40 நிமிடம், ஆனால் செல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும் என்று ஒரே பாடத்தில் இருக்கிறது. எது தப்பு?

பதில்: இரண்டும் சரி தம்பி, எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. மொத்தம் 46 லட்சம் காரஜோடிகள், அதாவது டிஎன்ஏ எழுத்துகள். ஓரிசி என்ற ஒரே இடத்தில் தொடங்கி இரு பக்கமும் இரண்டு கவைகள் (இழைகள் பிரிந்து நகலாகும் முனைகள்) நகர்கின்றன, ஆளுக்கு 23 லட்சம், நொடிக்குச் சுமார் ஆயிரம் எழுத்து, ஆக நாற்பது நிமிடத்தை ஒட்டி வரும். முடிந்த பிறகு செல் இரண்டாகப் பிரிய இன்னும் 20 நிமிடம். மொத்தம் 60. அப்படியிருக்க 20 நிமிடத்துக்கு ஒருமுறை எப்படிப் பிரிகிறது என்றால், முந்தைய சுற்று முடியும்வரை அது காத்திருப்பதே இல்லை, பாதியில் ஓடும்போதே புது ஓரிசிகளில் அடுத்த சுற்றைத் தொடங்கிவிடுகிறது. பாட்டி செல் பிறந்தபோது ஆரம்பித்த நகல் பேத்தி செல் பிரியும்போதுதான் கைக்கு வருகிறது! கூப்பர், ஹெல்ம்ஸ்டெட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1968இல் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். இதனால் வேகமாக வளரும் செல்லில் ஓரிசிக்குப் பக்கத்து மரபணுக்கள் அதிகப் பிரதிகளில் இருக்கும். புரதம் தயாரிக்கும் ரைபோசோம் வேகமாக வளரும் செல்லுக்கு நிறைய வேண்டும், அதன் ஆர்என்ஏ மரபணுக்களில் பெரும்பாலானவை அந்தப் பக்கமாக இருப்பது சும்மா இல்லை.

கேள்வி: அப்படியென்றால் ஓரிசி ஓயாமல் தொடங்கிக்கொண்டே இருக்காதா?

பதில்: பூட்டு இருக்கிறது. 245 எழுத்து நீளமுள்ள அந்த இடத்தில் ஜிஏடிசி என்ற வரிசை 11 முறை வருகிறது. பழைய இழையில் அவற்றுக்கு மெத்தில் என்ற சின்ன வேதிக் குறி இருக்கும், புதிதாகப் பிறந்த இழைக்கு இன்னும் விழுந்திருக்காது. இந்த அரைகுறை நிலையைப் பார்த்ததும் சீக்-ஏ என்ற புரதம் வந்து மூடிக்கொள்ளும், தொடங்கி வைக்கும் டிஎன்ஏ-ஏ புரதம் கொஞ்ச நேரம் கிட்டே வர முடியாது.

கேள்வி: சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து இதில் எங்கே கை வைக்கிறது?

பதில்: மேலே சொன்ன கைரேஸில். அது இரண்டு இழையையும் வெட்டி, இன்னொரு துண்டை அந்த வழியாக நுழைத்து, திரும்ப ஒட்டும். மருந்து வெட்டுக்கும் ஒட்டுக்கும் நடுவில் மாட்டவைத்துவிடும், நகலெடுக்கும் கவை வந்து அதில் மோதும், குரோமோசோம், அதாவது அந்த டிஎன்ஏ வளையம், உடையும்.

கேள்வி: எல்லா பாக்டீரியாவுக்கும் ஒரே வளையம்தானா?

பதில்: இல்லை. காலராக் கிருமிக்கு இரண்டு, ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கு வளையமே இல்லை, நீள்கோடு.

கேள்வி: வளையம் என்று யாராவது கண்ணால் பார்த்தார்களா?

பதில்: ஜான் கெய்ர்ன்ஸ் என்ற ஆய்வாளர், 1963. டிஎன்ஏவில் போய்ச் சேரும் கதிரியக்க தைமிடினை ஈகோலிக்கு ஊட்டி, டிஎன்ஏ அறுந்துவிடாமல் செல்லைப் பதமாக உடைத்து, புகைப்பட எமல்ஷனுக்கு அடியில் வைத்து இரண்டு மாதம் இருட்டில் விட்டுவிட்டார். கழுவிப் பார்த்தபோது கதிர்வீச்சு பட்ட இடங்களில் வெள்ளித் துகள்கள் வரிசைகட்டி நின்றன, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீண்ட வளையம், நடுவில் பாதி நகலான இடத்தில் இரட்டைக் கோடு. சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரிந்தது.