வீட்டுக்கு ஒரு கொப்பரை, ஊருக்கு ஒரு கொப்பரையா?

கேள்வி: எங்களுக்குக் கவுந்தப்பாடி பக்கம் நாட்டுச்சர்க்கரை காய்ச்சும் ஒரு கரும்பாலை இருக்கிறது. கொள்ளுத்தாத்தா மாடு கட்டி ஆட்டிய ஆலை. அப்பா மோட்டார் போட்டார். நான்காவது தலைமுறையாக, பத்து வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். தம்பி கோயமுத்தூரில் வேலையில் இருக்கிறான், நோம்பிக்கு வந்து போவதோடு சரி. தங்கைக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆலையை என் பெயருக்கு எழுதிக் கொடுங்கள் என்றால் அப்பா பிடி கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார். மூன்று வருடமாக ஆலைப் பக்கமே வருவதில்லை, கேட்டால் கால் வலி என்கிறார். நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. மூன்று பருவமாகச் சரக்கு நல்ல மஞ்சள் நிறத்தில் வருகிறது, விலையும் கூடுதலாகப் போகிறது. வீட்டுக்கு மட்டும் மருந்து போடாமல் தனியாக ஒரு கொப்பரை காய்ச்சி, அப்பாவுக்கும் அதையேதான் கொடுக்கிறேன். அவர் மனதை எப்படி மாற்றுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: தம்பி, சொத்தை எழுதி வாங்க வழி கேட்டு எனக்கு வராத கடிதம் இல்லை. உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் வேறு. "வீட்டுக்கு மட்டும் மருந்து போடாமல் தனியாக ஒரு கொப்பரை." நல்ல காரியம் செய்ததுபோல இதை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

உங்கள் குழந்தை சாப்பிடக்கூடாது என்று நீங்களே ஒதுக்குகிற சர்க்கரையைத்தான் மூட்டை கட்டி ஊருக்கு அனுப்புகிறீர்கள். அது எந்த வீட்டுக் குழந்தையின் பாலில் கரையும் என்று ஒரு நாளாவது நினைத்தீர்களா?

மருந்து என்று நீங்கள் சொல்வது ஹைட்ரோஸ் என்கிற ரசாயனப் பொடி. கறுத்த பாகை அது வெளுத்து மஞ்சளாக்கும், சரக்கில் கந்தகத்தைத் தங்க வைத்துவிட்டுப் போகும். வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு இருக்கிறது. கொட்டகையில் கைப்பிடிக் கணக்கில் அள்ளிப் போடும்போது எந்தத் தராசில் நிறுத்தீர்கள்? அஸ்கா என்கிற வெள்ளைச் சர்க்கரையைக் கலப்பதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானும் இட்டுக்கட்டப் போவதில்லை. ஆனால் நிறத்துக்காக மருந்து போடுகிற கை, எடைக்காக அஸ்கா மூட்டையைப் பிரிக்க வெகுநாள் ஆகாது. அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

என் அப்பச்சிக்கும் ஆலை இருந்தது. விடியக்காலம் நாலு மணிக்கே அடுப்பில் சக்கை எரியும். சாறு கொதித்து வரும்போது கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்பார்கள், அழுக்கெல்லாம் நுரையாகத் திரண்டு மேலே வரும். அதை வழித்து வழித்து எடுப்பதுதான் அங்கே பெரிய வேலை. நிறம் வர வேண்டுமென்றால் கை ஓய்ந்துபோகும்வரை வழிக்க வேண்டும், பொட்டலம் பிரித்தால் ஆகாது என்பார் அப்பச்சி. பாகு கெட்டியாகிவிட்டதா என்று ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலில் உருட்டிப் பார்ப்பார். உருண்டு நின்றால் இறக்கு என்று தலையாட்டுவார். தொட்டியில் ஊற்றி, மரத்தால் தேய்க்கத் தேய்க்க, கண்ணெதிரிலேயே பாகு உதிர்ந்து சர்க்கரையாகும். வழியில் போகிறவர்களுக்கும் ஒரு சொம்பு சாறு உண்டு, பிள்ளைகளுக்குத் தேங்காய்த் துண்டில் தோய்த்த சூட்டுப் பாகு உண்டு. எல்லாம் ஒரே கொப்பரைதான். வீட்டுக்கு வேறு, ஊருக்கு வேறு என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

இப்போது உங்கள் அப்பாவின் கால் வலிக்கு வருவோம். சரக்கு மஞ்சளானது மூன்று பருவமாக. அவர் ஆலைக்கு வராமல் போனது மூன்று வருடமாக. இரண்டையும் நீங்களே எழுதிவிட்டு, சேர்த்துப் பார்க்காமல் கடிதத்தைத் தபாலில் போட்டிருக்கிறீர்கள். கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏலத்தில் எடுக்கிற நாட்டுச்சர்க்கரைதான் பழனியில் பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது. முருகனுக்குப் போகிற சரக்கு என்ற பயத்தோடு காய்ச்சிய ஊர் அது. அந்தத் தலைமுறை ஆளுக்கு நீங்கள் தினமும் தனிக் கொப்பரைச் சர்க்கரையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். ஊருக்குப் போவது எப்படிப்பட்டது என்று அந்தக் கிண்ணம்தானே அவருக்குச் சொல்கிறது? மகனைக் கூப்பிட்டுத் திட்ட அவருக்கு மனம் வரவில்லை. அதனால் கால் வலி என்கிறார்.

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பரம்பரைச் சொத்தாக இருந்தால் உங்கள் தங்கைக்கு உங்களுக்குச் சமமான பங்கு உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் வந்த 2005 திருத்தம் அதைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டில் 1989லேயே ஒரு திருத்தம் வந்தது, அதற்கு முன்பே கல்யாணமான பெண்கள்தான் அதில் விடுபட்டார்கள். போட்ட நகை அந்தப் பங்குக்கு ஈடாகாது. பத்து வருடம் உழைத்ததற்குக் கூடுதலாகக் கேளுங்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தம்பியையும் தங்கையையும் உட்கார வைத்து, அவர்கள் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

மருந்தை நிறுத்தினால் விலை குறையும். இந்த வருடம் வியாபாரி முகத்தைச் சுளிப்பார், கறுத்த சரக்கு என்று மூட்டைக்கு இவ்வளவு என்று கழிப்பார். அதைத் தாங்கித்தான் ஆக வேண்டும். மருந்தில்லாத சர்க்கரையை ஊர் ஊராகத் தேடி அலைகிற குடும்பங்கள் இன்றைக்கு ஏராளம். கோயமுத்தூரில் இருக்கிற தம்பியிடம் நாலு மூட்டையைக் கொடுத்து, உடன் வேலை பார்ப்பவர்களுக்கு விற்றுத் தரச் சொல்லுங்கள். நோம்பிக்கு வந்து போகிறான் என்று குறைபட்டுக்கொள்கிறீர்களே, அவனுக்கும் அந்த ஆலையில் ஒரு வேலை இருக்கட்டும்.

அடுத்து அடுப்பு மூட்டும்போது ஒரே கொப்பரை ஏற்றுங்கள். அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய், அடுப்புக்குப் பக்கத்தில் கட்டில் போட்டு உட்கார வையுங்கள். அவர் கையால் பதம் பார்க்கட்டும். பத்திரத்தைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தைகூட எடுக்காதீர்கள்.