கேசீன் சோதனை: புரதச் சிதைவை அளப்பது பற்றிக் கேள்வி பதில்

பப்பாளிப் பாலில் உள்ள பாப்பெயின் என்ற நொதி, பால் புரதமான கேசீனை எவ்வளவு வேகமாகச் சிதைக்கிறது என்று நிறமாலை ஒளிமானியில் (ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்) அளப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: அக்கா, கடைசியில் டிசிஏ (டிரைகுளோரோ அசெட்டிக் அமிலம்) சேர்ப்பது எதற்கு?

நொதியைச் செயலிழக்க வைத்து வினையை நிறுத்துவதற்கு. அப்புறம், சிதையாத கேசீனையும் பெரிய துண்டுகளையும் வீழ்படிவாக்கிவிடும். வடிகட்டினால் கரைசலில் மிஞ்சுவது சிறு பெப்டைடுகளும் அமினோ அமிலங்களும்தான். நீங்கள் அளப்பது அவற்றை மட்டுமே. கேசீன் இரண்டு பெரிய துண்டாக வெட்டுப்பட்டால் இந்தச் சோதனைக்கு அது தெரியவே தெரியாது.

கேள்வி: நேரடியாக 280 நானோமீட்டரில் பார்க்கலாமா, நீல நிறம் தரும் ஃபோலின் வினைபொருளைச் சேர்த்து 660-இல் பார்க்க வேண்டுமா?

பாப்பெயின் என்றால் 280 என்பேன். அதன் செயலுக்குச் சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் சேர்ப்பீர்கள். அந்தச் சிஸ்டைனே ஃபோலினோடு வினைபுரிந்து நீலம் தரும். பிளாங்க், அதாவது கழித்துக்கொள்வதற்காக வைக்கும் ஒப்பீட்டுக் குழாயின் அளவு, ஏறிவிடும்; சிறிய வித்தியாசங்கள் அதில் மறைந்துபோகும். 280-இல் டைரோசினும் டிரிப்டோஃபேனும் ஒளியை உறிஞ்சுகின்றன. குவார்ட்ஸ் குவெட் (மாதிரியை ஊற்றும் சிறு கலம்) கட்டாயம் வேண்டும், சாதாரணக் கண்ணாடி அங்கே ஒளியை விடாது. சிஸ்டைன் தேவைப்படாத டிரிப்சின் போன்ற நொதிகளுக்கு ஃபோலின் தாராளமாகப் போதும்.

கேள்வி: பிளாங்க் எப்படி வைப்பது?

கேசீனில் முதலில் டிசிஏ, பிறகு நொதி. மற்ற அளவெல்லாம் அப்படியே. நொதியே சேர்க்காத குழாயைப் பிளாங்க் என்று வைத்தால், பப்பாளிப் பாலே உறிஞ்சும் ஒளியும் உங்கள் விடையில் சேர்ந்துவிடும். நொதியின் செறிவை மாற்றும்போதெல்லாம் பிளாங்க்கும் புதிதாக வேண்டும்.

கேள்வி: சார் 10 நிமிடம் வைக்கச் சொன்னார். நொதியை இரட்டிப்பாக்கினேன், அளவு ஒன்றரை மடங்குதான் ஏறியது. நொதி கெட்டுவிட்டதா?

இல்லை தம்பி. நேர்கோட்டுப் பகுதியைத் தாண்டிவிட்டீர்கள். எளிதில் வெட்டக்கூடிய இடங்கள் தீர்ந்ததும் வேகம் தானாகக் குறையும். 2, 5, 10, 20 நிமிடங்களில் மாதிரி எடுத்து வரைபடம் போடுங்கள். எந்த நிமிடம் வரை கோடு நேராக இருக்கிறதோ, அதற்குள் இருக்கும் அளவுதான் வேகம். 10 நிமிடமும் வேண்டுமென்றால் நொதியை நன்றாக நீர்த்துப்போகச் செய்யுங்கள். வளைந்த பகுதியில் எடுத்த எண்ணை யூனிட்டாக (நொதிச் செயலின் அலகு) மாற்றி ரெக்கார்டில் எழுதுவது சரியே இல்லை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

கேள்வி: வடிகட்டியது கலங்கலாக இருக்கிறது.

அப்படியே அளக்காதீர்கள், கலங்கல் ஒளியைச் சிதறடித்து அளவைக் கூட்டிக் காட்டும். டிசிஏ சேர்த்தபின் அரை மணி நேரம் விட்டு, மறுபடி வடிகட்டுங்கள்.