கணினியில் இல்லாத நூல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் பட்டர்வர்த்திலிருந்து எழுதுகிறேன். மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு, மகன் இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு நூலகத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தேன். கதை சொல்லல், ரோபோட் வகுப்பு, வண்ணம் தீட்டும் போட்டி எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். தமிழ் நூல்கள் ஓர் அடுக்காகச் சுருங்கிவிட்டன. மகனுக்காக ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைக் கணினியில் தேடினேன், இல்லை என்று வந்தது. நம் இயக்கங்கள் ஏன் குரல் கொடுப்பதில்லை? மகளுக்கு என்ன வாசிக்கக் கொடுக்கலாம்?

க.

அன்புள்ள க.,

இயக்கங்களை விடுங்கள். மகஜர் என்று ஒரு கோரிக்கை மனு கொடுப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், அடுத்த வாரம் வேறு மகஜர். உங்கள் கடிதத்தில் ‘இல்லை என்று வந்தது’ என்ற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். நூலகப் பட்டியலைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே எழுத நினைத்திருந்தேன்.

எப்படித் தேடினீர்கள்? எஸ், ஐ, ஏ, எம் என்று அடித்திருப்பீர்கள். தமிழ் நூலை ரோமன் எழுத்தில் பட்டியலிட நூலகர்களுக்கென்று ஒரு முறை இருக்கிறது. அதன்படி ச எங்கே வந்தாலும் ‘சி’, க எங்கே வந்தாலும் ‘கே’, ப என்றால் ‘பி’ (P). நாம் எப்படி உச்சரிக்கிறோம் என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. ஆகவே சயாம் என்பது சி, ஏ, ஒய், ஏ, எம். சண்முகம் என்பது சி, ஏ, என், எம், யு, கே, ஏ, எம். முருகனில் கூட ‘ஜி’ வராது. எல்லா நூலகமும் இதை ஒழுங்காகப் பின்பற்றுவதில்லை என்பது அடுத்த தலைவலி. தமிழ் தெரியாத அலுவலர் நூலின் அட்டையில் இருக்கும் ஆங்கில எழுத்தை அப்படியே பதிந்திருக்கலாம். அதனால் இரண்டு விதமாகவும் தேடுங்கள். பெயருக்கு முன்னால் உள்ள ஆர். என்ற எழுத்தை அடிக்காதீர்கள். நூலுக்கென்று உள்ள அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என் தெரிந்தால் அதையே அடிப்பதுதான் உத்தமம், அதற்கு மொழி கிடையாது. எதுவும் பலிக்கவில்லையா, நூல்களைப் பாடவாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூவி வகைப்பாட்டில் தமிழ் இலக்கியம் 894.811. அந்த எண் இருக்கும் அலமாரிக்கு நேரே போய் முதுகு முதுகாகப் பாருங்கள். சிறுவர் நூல்களை மட்டும் பல இடங்களில் தனியாக வைத்திருப்பார்கள்.

இதைத் தெரியாமல் ‘இல்லை’ என்று திரும்புகிறவர் நீங்கள் மட்டுமில்லை. அதன் விளைவுதான் நீங்கள் பார்த்த அந்த ஒற்றை அடுக்கு. தேடிக் கிடைக்காத நூலை யாரும் எடுப்பதில்லை. யாரும் எடுக்காத நூல் கழிவுக்குப் போகிறது. நூலகத் துறையில் பலரும் பார்க்கும் டெக்சஸ் மாநில நூலகக் கையேட்டில், புனைகதை இரண்டு ஆண்டு இரவல் போகாவிட்டால் அதைக் கழிப்பதா என்று பரிசீலிக்கச் சொல்லியிருக்கிறது. ஆண்டுக்கணக்கு இடத்துக்கு இடம் மாறும். கடைசியாக இரவல் போன தேதியை மட்டும் அநேகமாக எங்கும் பார்ப்பார்கள்.

இங்கேதான் உங்கள்மேல் எனக்குக் கோபம். அடுக்கு சுருங்கியதைக் கவனித்த நீங்கள், அன்று அதிலிருந்து ஒரு நூலையாவது வீட்டுக்கு எடுத்துப் போனதாக எழுதவில்லையே! மேசையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வாசித்தாலும் கணினிக்கு அது தெரியாது. உறுப்பினர் அட்டை போட்டு இரவல் எடுங்கள், ஒவ்வொரு முறையும் அனுமதிக்கும் எண்ணிக்கை முழுக்க எடுங்கள். பிள்ளைகளுக்கும் தனித்தனி அட்டை போடுங்கள், அடையாள அட்டைகளான மகளின் மைகிட்டையும் உங்கள் மைகாட்டையும் கொண்டு போனால் பெரும்பாலும் போதும். அங்கேயே வாசித்த நூலை நல்ல பிள்ளையாகத் திரும்ப அலமாரியில் செருகாதீர்கள். தள்ளுவண்டியிலோ மேசையிலோ விடுங்கள். மேசையில் கிடக்கும் நூல்களை ஸ்கேன் செய்து ‘உள்ளே வாசிக்கப்பட்டது’ என்று கணக்கு வைக்கும் நூலகங்கள் உண்டு. நீங்களே அடுக்கிவிட்டால் அந்தக் கணக்கும் போச்சு.

புதிய நூல் வேண்டுமென்றால் முகப்பில் நூல் வாங்கக் கோரும் படிவம் கேளுங்கள். ‘நல்ல தமிழ்க் கதைகள் வாங்கவும்’ என்று எழுதுவது குப்பைத் தொட்டிக்குத்தான். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், விலை, பதின்மூன்று இலக்க ஐ.எஸ்.பி.என், எல்லாம் வேண்டும். மலேசிய நூல் என்றால் 978க்குப் பிறகு 967, 983 அல்லது 629 வரும். இந்திய நூலுக்கு 81 அல்லது 93. தலைப்பை ரோமன் எழுத்திலும் எழுதி, நூல் எதைப் பற்றியது என்று மலாயில் இரண்டு வரி சேருங்கள். அதைப் படித்து முடிவெடுக்கப் போகிறவருக்குத் தமிழ் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நூலைக் கேட்டு ஐந்து பேர் ஐந்து படிவம் கொடுத்தால், ஐந்து பேர் கையெழுத்திட்ட ஒரு மகஜரைவிட அது வேலை செய்யும்.

விடுமுறை நிகழ்ச்சி தமிழில் இல்லையா? நீங்களே நடத்திக் கொடுக்கிறேன் என்று கேளுங்கள், அறை கொடுக்க வாய்ப்புண்டு. பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காதீர்கள், பின்வரிசையில் இருப்பவர்களுக்குப் படம் தெரியாமல் பேச்சு தொடங்கிவிடும். நாற்பது நிமிடம் போதும். ஒரு நூலை இருபது நிமிடம் உரக்க வாசித்து, முக்கியமான இடத்தில் நிறுத்திவிடுங்கள். மீதியை வாசிக்க அதே நூலின் பிரதிகளும் அதே ஆசிரியரின் வேறு நூல்களும் அறை வாசலிலேயே இருக்க வேண்டும். அடுத்த வாரம் எடுக்கலாம் என்றால் எந்தப் பிள்ளையும் எடுக்காது. நற்சான்றிதழ், தொப்பி, தேநீர் எதுவும் வேண்டாம்.

மகளுக்கு என்ன கொடுப்பது என்று என்னைக் கேட்டுப் பயனில்லை, அவளுடைய வாசிப்பு வேகம் எனக்குத் தெரியாது. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கினால் அந்த நூல் இப்போதைக்கு வேண்டாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளாக இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. மூன்றாம் நிலையில் தொடங்கிப் பாருங்கள்.

மகனுக்குச் ‘சயாம் மரண ரயில்’ சரியான தேர்வுதான். முதலில் சி போட்டுத் தேடுங்கள். அப்போதும் வராவிட்டால் படிவம்.